உள்ளூர் விளைச்சலை வீட்டுக்கே வரவழைக்கும் சேவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பக்கத்து மாவட்டத்தில் விளைந்த கீரையையும் காயையும் அரிசியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் சேவைகள் சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் இன்று நிறையவே இருக்கின்றன. ஒரு விவசாயி தம் தோட்டத்துக் காய்களை வாரம் ஒருமுறை பையில் கட்டி அனுப்புகிறார். ஒருவர் பல விவசாயிகளிடம் வாங்கி வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு விற்கிறார். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தன் வண்டியிலேயே நகரத்துக்குக் கொண்டுவருகிறது. பெருமுதலீட்டில் இயங்கும் செயலி ஒன்று பத்து நிமிடத்தில் கதவைத் தட்டுகிறது. நால்வருமே ‘விவசாயியிடமிருந்து நேரடியாக’ என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் காய் எங்கிருந்து, யார் கை மாறி, எத்தனை நாள் கழித்து வருகிறது என்பதில் நான்குக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சென்னைவாசியை மனத்தில் வைத்து இதை எழுதினாலும், ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் மற்ற நகரங்களுக்கும் இது பொருந்தும்.

தேடலில் இறங்கும் முன் உங்கள் வீட்டுச் சமையலை ஒரு வாரம் கவனித்துக்கொள்வது நல்லது. வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறீர்கள், கீரையை ஆய்ந்து நறுக்க வீட்டில் யாருக்கு நேரமிருக்கிறது, காலை ஏழு மணிக்குப் பையை வாங்கி உள்ளே வைக்க ஆள் இருக்கிறதா என்பவற்றுக்கெல்லாம் விடை தெரிந்திருந்தால், ‘என்ன விளைகிறதோ அதை அனுப்புவோம்’ என்னும் வாரப் பை உங்களுக்கு ஒத்துவருமா, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை ஒத்துவருமா என்பது தானே தெளிவாகிவிடும். விவசாயிக்கு வாரப் பைதான் வசதி. பறித்தது முழுவதும் விற்றுவிடும். ஆனால் வாழைத்தண்டும் சுண்டைக்காயும் பீர்க்கங்காயும் வந்தால் முகம் சுளிக்கும் வீட்டில் அந்தப் பை பாதி குப்பைக்குத்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டார் தேர்ந்தெடுத்து வாங்கும் சேவையையே நாட வேண்டும்.

‘இல்லை’ என்று சொல்கிறார்களா?

ஒரு சேவையை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் பட்டியலில் எது இருக்கிறது என்பதை விட எது இல்லை என்பதைத்தான். உள்ளூரில் விளைவதை மட்டும் விற்பவரால் ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் தர முடியாது. முருங்கைக்காய் பங்குனி, சித்திரையில் மலிந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் கிடைப்பதே அரிதாகி விலை பல மடங்கு ஏறிவிடும். அவரையும் மொச்சையும் பனியில் காய்ப்பவை. தைப் பொங்கலையொட்டித்தான் நிறைய வரும். பனங்கிழங்கும் அந்தப் பருவத்ததே. மாம்பழத்துக்குச் சித்திரை முதல் ஆனி வரை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கீரைப் பாத்திகளில் தண்ணீர் நின்று இலைகள் அழுகிப்போகும். அந்த வாரங்களில் ‘மழையால் கீரை இல்லை’ என்று செய்தி அனுப்பும் சேவையை நம்பலாம். டிசம்பரிலும் மே மாதத்திலும் ஒரே நாற்பது காய்களை ஒரே அழகில் அடுக்கி வைத்திருக்கும் சேவை, மண்டியிலிருந்து எடுத்துத்தான் விற்கிறது. அப்படி விற்பது குற்றமில்லை. அதற்கு உள்ளூர் என்று பெயரிட்டுக் கூடுதல் விலை வாங்குவதுதான் பிரச்சினை.

உள்ளூர் என்பதற்கு எவ்வளவு தூரம் என்ற எல்லையையும் நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே கோடு போட முடியாது. கீரை ஒரு நாளில் வாடிவிடும் என்பதால் அது 50, 60 கிலோமீட்டருக்குள்ளிருந்து வருவதே நியாயம். கத்தரி, வெண்டை, புடலை, கொத்தவரை முதலியவை அண்டை மாவட்டங்களிலிருந்து வரலாம். முள் கத்தரிக்காய் வேண்டுமென்றால் வேலூரைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு ஆகியவற்றை நீலகிரியும் கொடைக்கானலும் ஓசூரும் தருகின்றன. சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூரும் திண்டுக்கல்லும் இருக்கின்றன. பெரிய வெங்காயம் பெரும்பாலும் மகாராட்டிரத்திலிருந்து வருகிறது. தக்காளியில் பெரும்பங்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பக்கங்களிலிருந்து வருகிறது. ஆப்பிளை ‘லோக்கல் ஃபார்ம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்திருக்கும் பட்டியலைக் கண்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை.

பட்டியலைப் படிக்கும் முறை

நல்ல சேவையின் வாராந்தரப் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘அரைக்கீரை, கட்டு சுமார் 250 கிராம், மதுராந்தகம், வெள்ளி மாலை பறிப்பு. நாட்டு வெண்டை, அரை கிலோ, உத்திரமேரூர், இந்த வாரம் அளவு குறைவு, முதலில் கேட்பவர்களுக்கு. பெரிய வெங்காயம், கோயம்பேடு கொள்முதல், இயற்கை முறையில் விளைந்ததன்று.’ ஊரும் பறிக்கும் நேரமும் எடையும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி வரி இருக்கிறது. வெளியில் வாங்கிச் சேர்த்ததை வெளியில் வாங்கியது என்றே எழுதுபவர் மற்ற வரிகளிலும் பொய் சொல்ல வாய்ப்புக் குறைவு. ‘ஃபார்ம் ஃப்ரெஷ் பிரீமியம் கீரை, 1 கட்டு’ என்று மட்டும் இருந்தால், எந்தப் பண்ணை, எவ்வளவு எடை, எப்போது பறித்தது என்ற மூன்றும் மறைந்துபோகின்றன. கட்டு என்பது அளவே இல்லை. கோடையில் அது கைப்பிடியாகச் சுருங்கிவிடும்.

பட்டியலில் இல்லாததைத் தொலைபேசியில் கேட்டுவிடலாம். இந்தக் காயை விளைவித்தவர் யார், எந்த ஊர், எப்போது பறித்தீர்கள், எந்த வண்டியில் வந்தது, அந்த விவசாயியின் தோட்டத்தை வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பிறகு, பற்றாக்குறை வந்தால் எங்கிருந்து நிரப்புவீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலோர் தடுமாறும் கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான். ‘எங்களுக்குப் பற்றாக்குறையே வராது’ என்ற பதிலை விட, ‘கோயம்பேட்டில் எடுப்போம், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவோம்’ என்ற பதிலே மேல். ஒரு விவசாயியின் பெயரும் படமும் இணையதளத்தில் இருப்பதால் மட்டும் காய் அவருடையது ஆகிவிடாது. அந்தப் படத்திலிருப்பவர் இந்த வாரம் என்ன அனுப்பியிருக்கிறார் என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

ஆர்டர் வாங்கும் நேரமும் ஒரு தடயமே. ஆர்டரைப் பார்த்துவிட்டுப் பறிப்பவர்கள், சனிக்கிழமை காலை தருவதற்கு வியாழன் இரவுக்குள் சொல்லச் சொல்வார்கள். வெள்ளி மாலை வெயில் தாழ்ந்ததும் பறித்து, இரவில் ஏற்றி, விடியலில் பிரித்து அனுப்புவார்கள். பத்து நிமிடத்தில் தருபவர் முன்கூட்டியே வாங்கி உங்கள் பேட்டைக் கிடங்கில் வைத்திருந்தால்தான் அது முடியும். அவசரத்துக்குக் கொத்தமல்லி வாங்க அது உதவும். ஆனால் பறித்த நேரம் என்ன என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

‘இயற்கை முறை’ என்பதற்கு ஆதாரம்

உள்ளூர் விளைச்சலும் இயற்கை வேளாண் விளைச்சலும் ஒன்றென்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். செங்கல்பட்டில் விளைந்த கத்தரிக்காய்க்கும் வாரம் இருமுறை மருந்து அடித்திருக்கலாம். எனவே இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

சான்று இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக (ஆர்கானிக்) உற்பத்தித் திட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் வந்து ஆய்வு செய்து தருவது. தமிழகத்தில் இப்பணியைச் செய்ய, கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 முதல் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இயங்கிவருகிறது. மற்றொன்று, அண்டை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் ஆய்வு செய்து உறுதி கூறும் பிஜிஎஸ் முறை. இதில் மாற்றக் காலத்தில் இருக்கும் நிலத்துக்குப் ‘பிஜிஎஸ் கிரீன்’ என்றும், முழுமையாக மாறிய நிலத்துக்குப் ‘பிஜிஎஸ் ஆர்கானிக்’ என்றும் தனித்தனிக் குறிகள் உண்டு. ரசாயனத்தை நிறுத்திய அன்றே ஒரு நிலம் அங்கக நிலம் ஆகிவிடுவதில்லை. தேசியத் திட்டத்தின் விதிப்படி ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் கழிய வேண்டும்.

சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டால் நேர்மையான சேவை மறுக்காது. அது வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: யார் பெயரில் இருக்கிறது, எந்தெந்தப் பயிர்களுக்கு, எந்தத் தேதிவரை. நெல்லுக்கும் உளுந்துக்கும் வாங்கிய சான்றைக் காட்டித் தக்காளி விற்பதை நான் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தில் வரும் அங்ககப் பொருளென்றால் அதற்கான அரசு முத்திரையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் இட்டால் உரிமம் யாருடையது என்பது தெரிந்துவிடும். தன் வயலில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கு இந்த உரிமம் தேவையில்லை. அவரிடம் வாங்கி விற்கும் சேவைக்குத் தேவை.

இதில் சிறு விவசாயியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது அங்ககச் சான்று கட்டாயம் இல்லை என்று விதியே விலக்களிக்கிறது. முத்திரையைத்தான் அவர் பயன்படுத்தக் கூடாது. ஒன்றரை ஏக்கரில் கீரையும் காயும் போடுபவரிடம் காகிதம் இல்லை என்பதற்காக அவரை ஒதுக்கிவிட வேண்டாம். அப்படிப்பட்டவரிடம் சான்றுக்குப் பதிலாகத் தோட்டத்தையே பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பூச்சிக்கு என்ன தெளிக்கிறீர்கள், உரம் எங்கிருந்து வருகிறது, பக்கத்து வயல்காரர் மருந்தடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தொழுவமும் எருக்குழியும் வேப்பங்கொட்டை ஊறும் பானையும் கண்ணில் பட்டால் அது ஒரு பதில்; மோட்டார் கொட்டகை ஓரத்தில் காலி மருந்து டப்பாக்கள் கிடந்தால் அதுவும் ஒரு பதில்.

கத்தரிக்காயில் புழு இருந்தால் மருந்தடிக்கவில்லை என்று பொருள் என ஒரு நம்பிக்கை நெடுநாளாக உலவுகிறது. மருந்தடித்தும் புழு சாகாத தோட்டங்கள் ஏராளம். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை மேலே அடிக்கும் மருந்து தொடுவதில்லை. அதே போல, ஒரே சீராகப் பளபளக்கும் காய் எல்லாம் நஞ்சு என்பதும் சரியில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது புத்தம் புதியதா, வாடியதா என்பதை மட்டுமே.

பால், முட்டை, மளிகை

காயோடு சேர்த்துப் பாலும் முட்டையும் தருவதாகச் சொல்லும் சேவைகளில் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். காங்கேயம் போன்ற நாட்டு மாடு, கன்று குடித்தது போக நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே அதிகம். கலப்பின மாடு பத்து லிட்டருக்கு மேலும் கறக்கும். ஒரு சேவை நாள்தோறும் 1,000 லிட்டர் நாட்டு மாட்டுப் பால் தருவதாகச் சொன்னால், கறவையில் இருக்கும் மாடுகள் மட்டும் ஏறத்தாழ ஐந்நூறு வேண்டும். அவை எங்கே நிற்கின்றன என்று கேளுங்கள். பாலில் உள்ள புரத வகையைச் சுட்டும் ஏ2 பால் என்ற பெயரில் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 குறிப்புகளை நீக்கச் சொல்லி உத்தரவிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எழுத்தை நம்பிக் காசு கொடுப்பதை விட, கறந்த நேரத்துக்கும் உங்கள் வாசலுக்கும் இடையே எத்தனை மணி நேரம், வழியில் குளிர்ப்பெட்டி உண்டா என்று கேட்பதே உருப்படியானது. எப்படி வந்தாலும் கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

முட்டைக்கும் இதே கணக்குத்தான். புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும்; பண்ணைக்கோழி 300 இடும். பழுப்பு ஓடு நாட்டுக்கோழிக்கு அடையாளம் ஆகாது. பழுப்பு முட்டை இடும் பண்ணை இனங்கள் இருக்கின்றன. வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி விற்றுப் பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வேண்டிய அளவு கிடைக்கும் நாட்டு முட்டையை நான் வாங்குவதில்லை.

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி போன்ற அரிசிகளை எந்தப் போகத்து நெல், எப்போது அரைத்தது என்று கேட்டு, ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்காத அளவில் வாங்குங்கள். பூச்சிமருந்துப் புகை காட்டாத அரிசியில் வண்டு சீக்கிரம் வரும். செக்கு எண்ணெயில் ஆட்டிய தேதியும், வெல்லத்தில் கருத்த நிறமும் பார்க்க வேண்டியவை. வெளுத்து மஞ்சளாக மின்னும் வெல்லத்தில் ஹைட்ராஸ் என்னும் வெளுக்கும் ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்புண்டு.

விலை

ஒப்பிட்டுப் பார்க்கச் செலவில்லாத அளவுகோல் ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதலில் திறக்கப்பட்ட உழவர் சந்தை இன்று மாநிலம் முழுவதும் இயங்குகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் மட்டுமே அங்கே விற்கலாம், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். உங்கள் சேவையின் விலை அந்தப் பலகையை விட எவ்வளவு கூடுதல் என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகை, பிரித்துக் கட்டும் கூலி, வீணாகும் காய் எல்லாம் சேர்ந்து அந்தக் கூடுதலை உண்டாக்குகின்றன. அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூடுதலில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, சில சேவைகள் ஒவ்வொரு காய்க்கும் கொள்முதல் விலையை வெளிப்படையாகவே எழுதுகின்றன.

ஆண்டு முழுவதும் ஒரே விலை என்று சொல்பவர்களிடம், 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது என்ன விலைக்குக் கொடுத்தீர்கள், விலை விழுந்து விவசாயிகள் பறிக்கவே கூலி கட்டாமல் விட்ட மாதங்களில் அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஏறும்போது மட்டும் சந்தை விலை, இறங்கும்போது நிலையான விலை என்று நடத்துபவர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்ச ஆர்டர் தொகை உங்கள் வீட்டுக்கு அதிகமென்றால் அடுக்ககத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடலாம். பல சேவைகள் ஒரே இடத்தில் இறக்குவதற்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

முதல் பை வந்ததும்

எந்தச் சேவையானாலும் முதல் மாதம் சோதனையாகவே இருக்கட்டும். பை வந்ததும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. கத்தரியின் காம்பு பச்சையாக, சிறு முட்களோடு இருக்க வேண்டும். பழுத்துச் சுருங்கியிருந்தால் பறித்துச் சில நாட்கள் ஆகியிருக்கும். கீரையின் வேரில் மண் ஒட்டியிருப்பது நல்லதே. கழுவி ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டி வந்தால் மறுநாளே உள்பக்கத்து இலை வழவழக்கத் தொடங்கிவிடும். செய்தித்தாளில் சுற்றி அனுப்பினால் மை ஒட்டும் என்று சொல்லி, அடுத்த முறை துணிப்பையிலோ வாழையிலையிலோ கட்டி அனுப்பச் சொல்லுங்கள். காலிப் பையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சேவைக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

காயின் தரத்தை விட, குறை சொன்னால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் அந்த மாதத்தில் கவனிக்க வேண்டும். அழுகிய தக்காளியின் படத்தை அன்றே அனுப்புங்கள். பணத்தைக் கழித்துக்கொண்டு, எந்தத் தோட்டத்துக் கூடை என்று விசாரித்துச் சொல்பவர் நீண்ட நாள் உறவுக்கு உகந்தவர். ‘இயற்கைக் காய் என்றால் அப்படித்தான் இருக்கும் சார்’ என்று சமாளிப்பவரிடம் இரண்டாம் மாதம் தொடர வேண்டாம். காலை ஆறு மணிக்குக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போன பை ஒன்பது மணிவரை வெயிலில் கிடந்தால் அது சேவையின் குற்றம் ஆகாது. இறக்கும் நேரத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்

ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். சிறு சேவைகள் முதலீடு இல்லாமல் திடீரென நின்றுபோவதும் உண்டு என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. செயலியின் வாலட்டில் பணம் போடுவதானால், மிச்சத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தருவார்களா, அல்லது அவர்களிடமே செலவழித்துத் தீர்க்க வேண்டுமா என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் அனுமதியான யூபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும். சேவையை நிறுத்தும்போது செயலியை நீக்கினால் போதாது, யூபிஐ செயலிக்குள் சென்று அந்த அனுமதியையும் ரத்துசெய்ய வேண்டும்.

இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் தம் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசி எண் மட்டும் இருந்து முகவரி இல்லாத சேவையில் முன்பணம் கட்டாதீர்கள். பணம் சிக்கிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் பதிவு செய்துகொள்வார்கள். ரசீதும் பட்டியலின் திரைப்பதிவும் எடை போட்ட படமும் கையில் இருந்தால் புகாரை நிறுவுவது எளிது என்பதால், முதல் மாதத்து வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.